காட்டுக்கோவிலும் கடல் நடுத் தீவும்

ஐரோப்பாக் கண்டத்திற்கு மேற்கே, அட்லாண்டிக் மாகடலின் நட்டநடுவே, அசோர்ஸ் என்னும் பெயருடைய ஒன்பது தீவுகள் உள்ளன. போர்த்துக்கல் நாட்டைச் சேர்ந்த அத்தீவுகளுள் மிகச் சிறியதன் பெயர் கொர்வோ. அதன் மொத்தப் பரப்பே ஏறத்தாழ 17 சதுர கிலோமீட்டர்தான். ஓர் எரிமலை அவிந்து, அதன் வாயில் மழைநீர் தேங்கி ஏரியாகி, சரிவிலே புல் முளைத்து, அந்தப் புல்லை நம்பி மாடுகளும், மாடுகளை நம்பி மனிதரும் வாழ்கின்ற இடம் அது. மக்கள் தொகை 400-ஐ எட்டாது. ஒரே ஊர், ஒரே கோவில், அதுவே பங்கு, அதுவே உலகம். மரத்தாலேயே பூட்டுச் செய்து கதவில் பொருத்துவது அவ்வூர்க் கைவினைஞரின் பழைய தொழில். திருடனுக்காக அன்று, காற்றுக்காகத்தான் அங்கே பூட்டு வேண்டியிருந்தது போலும்!

1632-ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையர் பல கப்பல்களில் வந்து இத்தீவைத் தாக்கினர். ஆள் பிடித்து அடிமைச் சந்தையில் விற்பது அவர்கள் தொழில். தீவினர் தம் கோவிலிலிருந்த தேவமாதாவின் சுரூபத்தைத் தூக்கி வந்து கரையிலே நிறுத்தி, அன்னையின் முன்னிலையில் கல்லெறிந்து போராடி, கொள்ளையரைத் துரத்தினர் என்பது வழிவழி வரும் செய்தி. பறந்து வந்த குண்டுகளை அன்னையே திருப்பி அனுப்பினாள் என்று பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வார்களாம். அன்று முதல் அந்தச் சுரூபத்துக்குப் புதுமைகளின் அன்னை என்று பெயர். ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள் அங்கே திருநாள். பிழைப்புக்காக அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போய்விட்ட தீவுக் குடும்பத்தினரிலும் பலர் அந்த நாளுக்கென்றே கடல் கடந்து ஊர் திரும்புகின்றனர்.

தியாகராய நகரில் அமர்ந்துகொண்டு எங்கேயோ உள்ள ஒரு தீவைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் எண்ணக்கூடும். காரணம் உண்டு. நம் வீட்டிலிருந்து ஒரு நடை தூரத்துக்குச் சற்று மேலாக, மயிலாப்பூரில், அதே ஆகஸ்டு 15-ஆம் நாளில் திருநாள் கொண்டாடும் வேறொரு கோவில் இருக்கிறது. அதையும் எழுப்பியவர்கள் போர்த்துக்கீசியர்தாம். பிரகாச மாதா ஆலயம் என்பது அதன் பெயர். மயிலைப் பக்கத்துப் பழைய மனிதர்களைக் கேட்டால் காட்டுக்கோவில் என்பார்கள். நகரம் முழுவதும் அதை அறியாமலே அதன் பெயரை நாள்தோறும் உச்சரிக்கிறது. 'லஸ் கார்னர்', 'லஸ் சர்ச் ரோடு' என்று பேருந்து நடத்துநர் கூவும்போது, 'லஸ்' என்பது என்னவென்று எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? போர்த்துக்கீசிய மொழியில் ஒளிக்கு 'லூஸ்' என்று பெயர். ஒளியின் அன்னை என்பதே கோவிலின் பெயர். ஆண்டவனை அறியாதவனும், அன்னையை வணங்காதவனும், 'ஒளிக்கு ஒரு டிக்கட்' என்றுதான் கேட்கிறான்!

சென்ற ஆகஸ்டில் திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில், நம் பகுதி இளைஞர் ஒருவர் நம்மோடு நடந்து வந்தார். கணினித் துறையில் வேலை. பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். நல்ல பிள்ளை, ஆனால் எதையும் குறுக்குக் கேள்வி கேட்காமல் விடமாட்டார்.

"ஐயா, பழமை பழமை என்று எழுதுகிறீர்கள். லஸ் கோவிலைக் கட்டியவன் பறங்கி. அவன் வியாபாரத்துக்கு வந்தான், நாட்டைப் பிடிக்க வந்தான், போய்விட்டான். அவன் விட்டுச்சென்ற கட்டடம் நமக்கு எப்படி மரபாகும்?"

உடனே பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. கேள்வி நியாயமானது. ஆகையால் அடுத்த ஞாயிறன்று அவரையும் அழைத்துக்கொண்டு காட்டுக்கோவிலுக்கே போனோம்.

தெருவின் இரைச்சல் வாசலோடு நின்றுவிடுகிறது. முகப்பு சிறியது. சாந்தோம் பேராலயத்தின் கூர்ங்கோபுரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கோவிலா, பழைய மாளிகையா என்று ஐயமே எழும். தடித்த சுவர், வளைந்த கூரை, பீடத்துக்கு மேலே ஓவிய வேலைப்பாடு. தரையிலே கல்லறைக் கற்கள்: பெயரும் குலச்சின்னமும் செதுக்கிய கற்கள், ஐந்நூறு ஆண்டுகளாகக் கால்கள் தேய்த்து எழுத்து மழுங்கியவை. யார் யாரோ கடல் கடந்து வந்து, இங்கேயே காய்ச்சலில் மாண்டு, நம் காலடியில் உறங்குகின்றனர்.

இங்குள்ள போர்த்துக்கீசியக் கல்வெட்டு 1516 என்னும் ஆண்டைக் கூறுகிறது. பெத்ரோ என்னும் பிரான்சிஸ்கு சபைத் துறவி இவ்விடத்தை எழுப்பினார் என்பதும் அதனால் அறியப்படுவது. இந்த ஆண்டைப் பற்றி வரலாற்றாசிரியரிடையே வாதம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். போர்த்துக்கீசியர் மயிலாப்பூருக்கு முதன்முதல் வந்தது 1517-இல் என்று வேறு ஏடுகளால் தெரிகிறது. அதற்கு முந்திய ஆண்டிலேயே கோவில் எப்படி எழும்பும் என்பது அவர்கள் வினா. எவ்வாறாயினும், சென்னைப் பட்டணம் என்று ஒன்று பிறப்பதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்பே இங்கே தேவமாதாவின் பெயரால் விளக்கெரிந்தது என்பதில் ஐயமில்லை. ஆங்கிலேயர் கோட்டை கட்ட இடம் பெற்றதே 1639-இல் அன்றோ?

கோவில் எழுந்த கதை யாவரும் கேட்டதே. கடலில் வழி தவறித் தத்தளித்த மாலுமிகள் இருளில் தொலைவிலே ஓர் ஒளியைக் கண்டனர். அதைப் பின்பற்றிக் கரை சேர்ந்தனர். கரையிறங்கிய பின்னும் அவ்வொளி அவர்களை உள்நாட்டுக்கு நடத்திச் சென்று, காட்டுக்கு நடுவே ஓரிடத்தில் மறைந்தது. அங்கேயே கோவில் எழுந்தது. இந்தக் கதையைச் சொன்னவுடன் நம் இளைஞர் புன்னகை செய்தார். "வேளாங்கண்ணிக் கதையும் இதேதானே ஐயா?" என்றார். ஆம். அங்கேயும் புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள்தாம். அவர்கள் கரை சேர்ந்த செப்டம்பர் 8-ஆம் நாள்தான் பெருவிழா. அவர்கள் தந்ததாகச் சொல்லப்படும் பீங்கான் தட்டுகள் அங்கே பீடத்தில் பதிந்திருப்பதைத் திருப்பயணம் சென்றோர் கண்டிருப்பர். கொர்வோத் தீவிலே கடலிலிருந்து பகைவர் வந்தனர். இங்கே கடலிலிருந்து பயந்தவர்கள் வந்தனர். கதை ஒரே சாயலில் இருப்பதால் பொய்யென்று தள்ளிவிடலாகாது. மாதக் கணக்கில் பயணம், பலர் சாவது உறுதி, நாற்புறமும் நீர் என்று வாழ்ந்த மனிதனுக்குக் கரையிலே தெரியும் ஒரு விளக்கு என்ன பொருள் தரும் என்பதைத் தரையில் படுத்துறங்கும் நாம் எளிதில் உணர முடியாது.

இவ்விடத்திலே அசோர்ஸ் தீவுகளை மறுபடி நினைக்க வேண்டும். இந்தியாவிலிருந்து திரும்பும் கப்பல்கள் தங்கி, நீரும் காய்கறியும் ஏற்றிக்கொண்ட துறைகள் அத்தீவுகளிலேயே இருந்தன. வாஸ்கோ ட காமாவின் உடன்பிறந்தாரான பவுலோ ட காமா 1499-இல், கோழிக்கோட்டிலிருந்து திரும்பும் வழியில் நோயுற்று, அத்தீவுகளுள் ஒன்றான தெர்செய்ராவிலே இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார். அண்ணனுக்கு அங்கே கல்லறை என்றால், அவர்பின் வந்த எத்தனையோ பெயரற்ற மாலுமிகளுக்கு மயிலாப்பூரிலே கல்லறை. ஒரே கடல்வழியின் இரு முனைகள் அவை.

இனி, நம் இளைஞரின் கேள்விக்கு வருவோம். பறங்கி நல்லவனா? எல்லாரும் நல்லவர் அல்லர். சாந்தோம் என்று அவர்கள் பெயரிட்ட ஊர் அர்ச். தோமையாரின் கல்லறையைத் தேடி வந்தவர்களால் எழுந்தது உண்மை, 1523-ஐ ஒட்டி அக்கல்லறையைத் தோண்டிக் கோவிலைப் புதுப்பித்ததும் உண்மை, 1545-இல் அர்ச். சவேரியார் வந்து சில மாதங்கள் தங்கிச் செபித்ததும் உண்மை. அதே ஊரில் சூதாட்டமும், அடிமை வாணிகமும், உள்ளூர்ச் சண்டையும் மலிந்திருந்ததும் உண்மையே. கடற்கரையோரம் இருந்த பழைய கபாலீசுவரர் கோவில் போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்தது என்றும், இன்றுள்ள கோவில் பின்னர் உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது என்றும் கூறுவர். கடற்கரைப் பக்கத்தில் கிடைத்த பழைய கற்களில் சைவக் கோவிலைச் சேர்ந்த கல்வெட்டுகள் உண்டு. இதை நாம் மறைத்துப் பேசினால், நம் அண்டை வீட்டார் முகத்தை நேராகப் பார்க்க இயலாது. மயிலையிலே நானூறு ஆண்டுகளாக இரு கோவில் மணியோசையும் ஒரே காற்றில் கலந்து வருகிறது. அந்தப் பொறுமைக்குக் காரணம் பறங்கியல்லன், மயிலை மக்கள்.

பறங்கியின் ஆட்சியும் நெடுங்காலம் நிற்கவில்லை. 1662-இல் கோல்கொண்டாப் படை சாந்தோமைப் பிடித்தது. 1672-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர், ஈராண்டில் இழந்தனர். 1749-இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர். மதில்கள் போயின, மாளிகைகள் போயின. காட்டுக்கோவிலும் கோல்கொண்டாப் படையாலும், பின்னர் 1780-ஐ ஒட்டி ஐதர் அலியின் படையாலும் சிதைவுற்றதென்பர். ஆயினும் கோவில் நின்றது. ஏன் நின்றது? கப்பலேறிப் போகாத மக்கள் சிலர் இங்கே இருந்தார்கள். மீனவர், நெசவாளர், துபாஷிகள், சமையற்காரர், போர்த்துக்கீசியனை மணந்த தமிழ்ப் பெண்கள், அவர்களின் பிள்ளைகள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவர்களும், சுரூபத்தைப் போர்க்காலத்தில் ஒளித்து வைத்தவர்களும் இவர்களாகத்தான் இருக்க வேண்டும். இவர்களுடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

அரசு போன பின்னும் போர்த்துக்கல் மன்னரின் ஞானாதிக்கம் மட்டும் இருந்துவந்தது. 'பதுருவாதோ' என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஐந்தாம் சின்னப்பர் என்னும் பாப்பானவர் 1606-இல் மயிலாப்பூர் மறைமாவட்டத்தை நிறுவினார். அதன் எல்லை வங்காளம், பர்மா வரை நீண்டது. பின்னாளில் ஒரே சென்னையில் இரு ஆயர்கள், இரு மறைமாவட்டங்கள். ஒரு தெருவில் இருப்பவர் ஓர் ஆயருக்கும், எதிர்த் தெருவில் இருப்பவர் மற்றோர் ஆயருக்கும் கீழ்ப்பட்டிருந்த விந்தையும் நடந்தது. பெண் கொடுக்கல் வாங்கலிலே கூட, 'அவர்கள் எந்தக் கட்சி?' என்று கேட்டார்களாம். 1950-இல் போர்த்துக்கலும் திருப்பீடமும் செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பின், 1952-இல் இரண்டும் இணைந்து சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் ஆயின. வேளாங்கண்ணியும் அதுவரை மயிலாப்பூர் ஆயரின் பொறுப்பில்தான் இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் அறியார்.

இவ்வளவும் கல்லின் கதை. கல்லைவிட உறுதியான ஒன்றைப் பறங்கி விட்டுச் சென்றிருக்கிறான். அது நம் நாவிலே இருக்கிறது. காலையில் எழுந்து ஜன்னலைத் திறக்கிறோம். அது அவன் சொல். சாவியை எடுத்து அலமாரியைத் திறக்கிறோம், இரண்டும் அவனுடையவை. துவாலை, பொத்தான், மேசை, கோப்பை, பேனா, பீப்பாய், மேஸ்திரி, ஏலம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். கொய்யாவும் அன்னாசியும் பப்பாளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து அவன் கப்பலில் ஏறி வந்தவை; பழத்தோடு பெயரும் வந்தது. பறங்கிக்காய் என்றும் பறங்கிமலை என்றும் அவனையே நாம் பெயராக்கிவிட்டோம். தமிழ் யாரையும் வாசலில் நிறுத்தி வைப்பதில்லை. உள்ளே அழைத்து, உடை மாற்றி, பந்தியில் உட்கார வைத்துவிடுகிறது.

கோவிலுக்குள் நுழைந்தால் இன்னும் மிகுதி. சிலுவையைக் குருசு என்பது அவன் சொல். பீடத்துக்கு முன்னே நன்மை வாங்க முழந்தாளிட்ட கிராதி அவன் சொல். பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் திருவுடலைக் கிடத்தித் தூக்கிவரும் தூம்பா, அவர்கள் மொழியில் கல்லறைப் பேழையைக் குறிப்பது. கடலோர ஊர்களில் தூம்பாப் பவனி என்றால் இன்றும் சிறு பிள்ளைகளும் வாய் பேசாமல் நிற்கின்றன. எல்லாவற்றினும் மேலாக ஒரு சொற்றொடர் இருக்கிறது. அதை எழுதும்போதே நமக்கு நெஞ்சம் நெகிழ்கிறது.

நம் பாட்டியார் சிலுவை அடையாளம் வரையும்போது, 'பரிசுத்த ஆவி' என்று சொன்னதே இல்லை. 'பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து' என்றுதான் சொல்வார். எழுத்தறியாத கிராமத்துப் பெண்மணி. அது எந்த மொழி என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் இருக்கவில்லை. சிறுவனாகிய நாம் ஒருமுறை, "அது என்ன பாட்டி, சாந்து? நெற்றியில் இடும் சாந்தா?" என்று கேட்டு, முதுகில் ஓர் அடி வாங்கியது நினைவிருக்கிறது. பின்னாளில் தெரிந்தது: தூய ஆவிக்குப் போர்த்துக்கீசியர் சொல்லும் பெயர்தான் அது. 1554-இல் லிஸ்பனில் அச்சான தமிழ் மறைக்கல்வி நூலில், தமிழை உரோமை எழுத்தில் பொறித்திருந்தார்கள். 1578-இல் கொல்லத்தில், இயேசு சபைக் குரு என்றிக்கே என்றீக்கசு தந்த 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சேறியது; 16 பக்கமுள்ள அச்சிறு நூல்தான் தமிழ் மண்ணின் மொழிக்குக் கிடைத்த முதல் பெருமைகளுள் ஒன்று. இறைவனைப் பற்றிய நுண்ணிய சொற்களை மொழிபெயர்த்தால் பிழை நேருமோ என்று அஞ்சி, அக்காலத்துக் குருக்கள் தம் மொழிச் சொல்லையே வைத்துவிட்டனர். முத்துக்குளிக்கும் துறைகளில் பிறந்த செபம் தலைமுறை தலைமுறையாக நாவிலிருந்து நாவுக்குத் தாவி, நம் பாட்டியாரின் உதட்டுக்கு வந்து சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் செபங்கள் நல்ல தமிழில் திருத்தப்பட்டன. அது வேண்டிய திருத்தமே. நாம் குறை கூறவில்லை. ஆனால் பாட்டியாரின் கடைசி நாளில் நம் பங்குக் குரு 'பரிசுத்த ஆவியின் பெயராலே' என்று சொல்ல, அவர் உதடு மட்டும் 'இஸ்பிரீத்து சாந்து' என்று அசைந்ததைக் கண்டோம்.

அசோர்ஸ் தீவுகளில் ஆண்டின் மிகப் பெரிய கொண்டாட்டமே இந்த இஸ்பிரீத்து சாந்துவின் திருநாள்தான் என்று சில ஆண்டுகளுக்கு முன் படித்தபோது, நாம் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் வாளா இருந்தோம். பாஸ்குவுக்குப் பிந்திய ஏழு வாரமும் அங்கே ஊர்தோறும் அதே பேச்சு. தெருமுனையில் தூய ஆவிக்கென்று சிறு மண்டபம். அதில் வெள்ளி முடியும் செங்கோலும். விழா நாளில் அந்த முடியைக் கோவிலுக்குள் எடுத்துச் சென்று, குரு அதை ஒரு சாதாரண மனிதரின் தலையிலோ, ஒரு குழந்தையின் தலையிலோ சூட்டுகிறார். அன்றைக்கு அவரே பேரரசர்! அதற்குப் பின் ஊர் கூடிச் சமைத்த இறைச்சிச் சாறும் ரொட்டியும் அனைவருக்கும் பந்தி. ஏழை வீட்டுக்குத் தனிப் பங்கு போகும். 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரசி அர்ச். இசபெல் ஏழைக்கு முடி சூட்டி விருந்திட்டதன் நினைவு என்று கூறுவர். போர்த்துக்கல் பெருநாட்டிலே இவ்வழக்கம் பெரும்பாலும் மங்கிப் போயிற்று. சிறு தீவுகளே அதைக் கைவிடவில்லை. தாய்வீட்டில் மறந்த பாட்டைப் புகுந்த வீட்டில் மகள் பாடிக்கொண்டிருப்பதில்லையா, அதைப் போல.

இதைப் படித்ததும் நம் தென்மாவட்டப் பங்குகளின் அசனம் நினைவுக்கு வந்தது. திருநாளன்று பெரும் அண்டாக்களில் சோறு பொங்கி, சாதி, சமயம் பாராமல் தெருவிலே வரிசையாக உட்கார வைத்துப் பரிமாறும் அந்த விருந்தை நம் தலைநகர்ப் பங்குகளில் காண்பது அரிது. இங்கே திருநாள் என்றால் பொட்டலத்தில் கட்டிய கேக்குத் துண்டு. கையில் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் நிற்பவர் யாரென்றும் பாராமல், ஸ்கூட்டரை உதைக்கிறோம்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறோம். பெயர் வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு பழைய பங்கில் கோவிலைப் புதுப்பித்தார்கள். நன்கொடை திரண்டது, பளபளக்கும் பதிகற்கள் வந்தன. வேலை முடிந்து விழா நடந்த அன்று நாமும் சென்றிருந்தோம். கோவில் பின்புறம் குழாயடியில் கை கழுவக் குனிந்தபோது, காலடியில் கிடந்த கல்லின் ஓரத்தில் எழுத்துப் போலத் தெரிந்தது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால், கல்லறைக் கல்! முகம் குப்புறப் போட்டு, துணி துவைக்க வைத்திருந்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. "பழைய கல் ஐயா, கெட்டியாக இருக்கிறது" என்றார் அங்கிருந்த பணியாள். அவருடைய மறுமொழியில் ஒரு குற்றமும் நமக்குத் தெரியவில்லை. அது என்ன கல் என்று அவருக்குச் சொல்லித் தந்தவர் யார்? அன்று அதை எடுத்துச் சுவரோரம் நிறுத்த நாம் முயன்றிருக்கலாம். விருந்துக்கு அழைத்தார்கள், போய்விட்டோம். அடுத்த முறை சென்றபோது கல் இல்லை. இதில் பிறரைக் குறை கூற நமக்கு உரிமையில்லை.

கல் ஒன்று என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். மயிலாப்பூரை அடுத்த லாசரஸ் கோவிலில் 1927-ஆம் ஆண்டு தோண்டியபோது ஒரு கல்லறைக் கல் வெளிப்பட்டது. மனுவேல் மாத்ரா என்பவரும் அவர் தாயாரும் 1637-இல் தம் சொந்தச் செலவில் அக்கோவிலைக் கட்டியதாக அதில் பொறித்திருந்தது. மதராஸ் என்னும் பெயரே இக்குடும்பத்திலிருந்து வந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவதற்கு அந்த ஒரு கல்லே ஆதாரம். இதை ஒப்புக்கொள்ளாதவரும் உண்டு. ஆனால் அந்தக் கல்லை எவராவது துவைக்க எடுத்துக்கொண்டிருந்தால், வழக்காடவும் வகையிருந்திராது.

காட்டுக்கோவிலின் திண்ணையோரம் அமர்ந்து இவற்றையெல்லாம் நம் இளைஞரிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. "சரி ஐயா, இது மயிலாப்பூருக்குச் சரி. நம் தியாகராய நகருக்கு என்ன மரபு? ஏரியைத் தூர்த்துக் கட்டிய ஊர்தானே?" என்றார்.

அதுவும் சரியான கேள்விதான். 1920-களில் ஏரியை வற்றச் செய்து மனை பிரித்து, தியாகராயர் பெயரைச் சூட்டி, பனகல் பூங்காவை நடுவில் வைத்துக் கட்டிய ஊர் நம்முடையது. ஐந்நூறு ஆண்டுக் கல் இங்கே கிடைக்காது. ஆனால் ஞாயிறு பூசைக்கு வருகிற குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். இவர் கும்பகோணத்துக்காரர், அவர் புதுச்சேரி, அந்த அம்மாள் நாகர்கோவில், எதிர் வரிசையில் இருப்பவர் மன்னாரிலிருந்து 1980-களில் அகதியாக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். கிறிஸ்மசை நத்தார் என்று அவர் சொல்லும்போது நம் பிள்ளைகள் சிரிக்கின்றன. அதுவும் போர்த்துக்கீசியச் சொல்தான் என்று எடுத்துச் சொன்னால் சிரிப்பு நின்றுவிடுகிறது. மன்னாரும் ஒரு தீவு. 1544-இல் விசுவாசத்துக்காக உயிர்விட்டோரின் தீவு. தூத்துக்குடிக்காரர் வீட்டில் பனிமய மாதா படம் இருக்கும். 1555-இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்த சுரூபம் அது என்று வழிவழியாகச் சொல்வார்கள். 1806-இல் முதன்முதல் ஓடிய பொற்தேரைப் பற்றித் தம் கொள்ளுப்பாட்டனாரே வடம் பிடித்தவர் போலப் பேசுவார்கள். இவ்வளவு பேரும் இரண்டு பெட்டியும் ஒரு பாத்திரமூட்டையுமாக ரெயிலேறி வந்தபோது, மரபை எங்கே வைத்துக் கொண்டுவந்தார்கள்? வாயில்தான். தியாகராய நகருக்குக் கல்லறைக் கல் இல்லை, பாட்டிமார் இருக்கிறார்கள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்துச் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். வேலை நிமித்தம் யாரையோ அழைக்கிறார் என்று நினைத்து நாம் விலகி, பீடத்தருகே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தோம். நெற்றியில் திருநீறு அணிந்த ஒரு பெரியவரும் அவர் மனைவியும் பக்கத்தில் நின்று தாமும் ஒன்று ஏற்றினர். "ஆடி மாதத்தில் வேண்டிக்கொண்டது" என்று அந்த அம்மாள் நம்மிடம் தாமாகவே சொன்னார்.

திரும்பி வந்தபோது இளைஞர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் ஊரிலுள்ள அவருடைய பாட்டியார். காது மந்தம் போலும். கோவிலென்றும் பாராமல் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"இல்ல பாட்டி, இப்ப சொல்றதில்ல. நீங்க சின்னப் புள்ளையில சொன்னது. முதல்ல இருந்து சொல்லுங்க."

முழங்காலின்மேல் ஒரு காகிதத்தை வைத்து எழுதத் தொடங்கினார். திருநாள் அறிக்கையின் வெற்றுப் பக்கம் அது. இரண்டு வரி எழுதியவர் நிமிர்ந்து, கைப்பேசியைக் கையால் மூடிக்கொண்டு நம்மைப் பார்த்துக் கேட்டார்: "ஐயா, இஸ்பிரீத்துவுக்கு 'ரி' குறிலா, நெடிலா?"

நமக்கும் தெரியவில்லை. பாட்டியார் அதை எழுதிப் பார்த்ததில்லை. "அவர் சொல்லுகிறபடியே எழுதும்" என்றோம்.